ஷெட்யூலா, ஸ்கெஜூலா?

(இலங்கை மலையகத்தின் வட்டகொடையில் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நேர அட்டவணையைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்தான் இன்றைய பேச்சின் பொருள். எழுதும்போது அதற்கு ஒரே வடிவம். வாயால் சொல்லும்போது லண்டன்காரர் ஷெட்யூல் என்பார், நியூயோர்க்காரர் ஸ்கெஜூல் என்பார். வட்டகொடையில் பத்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு வகுப்பில் காதில் விழுவது முதலாவது. அதே பிள்ளை மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து கைபேசியில் யூடியூப் பார்க்கும்போது கேட்பது இரண்டாவது. மறுநாள் வகுப்பில் எழுந்து ஸ்கெஜூல் என்று சொல்கிறது. பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். பிள்ளை உட்கார்ந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அந்தத் தவணை முழுக்க வாயைத் திறப்பதில்லை.

அந்தச் சிரிப்பு நியாயமானதா என்று தெரிந்துகொள்ள, அந்தச் சொல் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அதன் மூலம் கிரேக்கமும் இலத்தீனும். இலத்தீனில் சின்னக் காகிதத் துண்டுக்கு ஸ்கெடுலா என்ற சொல் இருந்தது. அது பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்தபோது முதலெழுத்து வெறும் ‘ஸ’ ஒலியாகிவிட்டது. ஆங்கிலேயர் பல நூற்றாண்டு காலம் அதைச் செட்யூல் என்றுதான் சொன்னார்கள். பிற்பாடு படித்தவர்கள் இலத்தீன் மூலத்தை நினைத்து எழுத்தை மாற்றினார்கள். எழுத்து மாறியது, ஒலி மாறவில்லை. 1791இல் லண்டனில் ஜோன் வோக்கர் உச்சரிப்பு அகராதி வெளியிட்டார். அப்போதும் மக்கள் வாயில் இருந்தது செட்யூல்தான்; கிரேக்க மூலத்தைப் பார்த்தால் ஸ்கெட்யூல் என்பதே பொருத்தம் என்ற வாதமும் கூடவே இருந்தது. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் அந்த வாதத்தின் பக்கம் நின்றார். அவருடைய பெரிய அகராதி 1828இல் வந்தது, அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்கள் அவர் வழியில் போயின. இங்கிலாந்திலோ 1836இல் ஸ்மார்ட் என்பவர் தொகுத்த அகராதி ஷெட்யூலை மட்டுமே காட்டியது. பழைய செட்யூல் அதற்குள் மங்கிப்போயிருந்தது.

ஆக, இன்று லண்டன் சொல்வதும் பழைய உச்சரிப்பு அல்ல, நியூயோர்க் சொல்வதும் அல்ல. பழையதை இரண்டு ஊரும் கைவிட்டு ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகிறது. இதில் ஒன்று அசல், மற்றது கொச்சை என்று சொல்ல வரலாற்றில் இடமில்லை. இங்கிலாந்திலேயே நிலைமை இப்போது மாறிவருகிறது. ஜோன் வெல்ஸ் என்ற ஒலியியல் பேராசிரியர் தமது உச்சரிப்பு அகராதிக்காக பிரித்தானிய மக்களிடம் கருத்துக் கேட்டபோது, வயதானவர்கள் ஷெட்யூல் பக்கமும் இளையவர்களில் பெரும்பாலோர் ஸ்கெ பக்கமும் நின்றார்கள். வட்டகொடைப் பிள்ளை யூடியூப்பில் கேட்டதையே லண்டன் பிள்ளையும் கேட்டிருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு ரயிலோடும் ஒரு உறவு உண்டு. ரயில் நேரங்களை அச்சடித்த பட்டியலுக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர்கள் அமெரிக்க ரயில்வேக்காரர்கள், 1863 வாக்கில். பிரித்தானியர் அதை டைம்டேபிள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலையகத்துக்கு ரயில் பாதை போட்டவர்கள் பிரித்தானியர்; 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் தண்டவாளம் வந்தது. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் நடுவில் இருக்கும் வட்டகொடை நிலையத்திலும் அதனால்தான் இன்றுவரை டைம்டேபிள் என்ற பேச்சு. சட்டத்தில் மட்டும் ஷெட்யூல் என்ற சொல் நமக்கு நெருக்கமாக வந்தது. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையில் மாகாண சபைகளின் அதிகாரங்கள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஆங்கிலப் பிரதியில் அந்த ‘அட்டவணை’ இருக்கும் இடத்தில் இருப்பது இதே சொல்தான். கொழும்பு நீதிமன்றங்களில் அதை ஷெட்யூல் என்பார்கள்.

இனி ஒலியைக் கவனிப்போம். ஷெட்யூல் என்பதை மெதுவாகச் சொன்னால் நடுவில் ‘ட்’டும் ‘யூ’வும் தனித்தனியாக வரும். வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ‘ஜூ’ ஆகும். அமெரிக்கர் எப்போதும் ஒட்டித்தான் சொல்வார்கள். பிரித்தானியரில் பலரும் இப்போது அப்படித்தான். தமிழ் வாய்க்கு இது புதிதே இல்லை. படித்து என்று எழுதுகிறோம், படிச்சு என்று பேசுகிறோம். ஐந்து, அஞ்சு ஆகிறது. வைத்து, வச்சு ஆகிறது. இகரமோ ஐகாரமோ பக்கத்தில் இருந்தால் நாக்கு மேலண்ணத்துக்கு ஏறி, ‘த’கரத்தைச் ‘ச’கரமாக்கிவிடுகிறது. லண்டனிலும் நியூயோர்க்கிலும் நடப்பது அதே வேலை.

முதல் ஒலியில்தான் சிக்கல். இரண்டு மெய்கள் சேர்ந்து ஒரு சொல்லைத் தொடங்கத் தமிழ் இலக்கணம் இடம் கொடுப்பதில்லை. மொழிக்கு முதலில் எந்த எழுத்துகள் வரலாம் என்று தொல்காப்பியம் வரையறுத்த காலத்திலிருந்து அது விதி. எழுத்தறியாத பாட்டிகூட அந்த விதி வழுவாமல் பேசுவார்: ஸ்கூல் அவர் வாயில் இஸ்கூல், தேயிலை ஆலையைக் குறிக்கும் ஸ்டோர் அவர் வாயில் இஸ்டோரு. ஆகவே ஸ்கெஜூல் என்பதை இஸ்கெஜூல் என்று ஒரு பிள்ளை சொன்னால், தாய்மொழியின் இலக்கணம் அந்த நாக்கில் உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதை எடுத்துச் சொல்லி, ‘ஸ்’ஸை நீட்டி ஸ்ஸ்ஸ்கெ என்று நாலு தடவை பழக்கினால் அந்த இகரம் போய்விடும். அதட்டினால் போகாது. ஷெட்யூல் தமிழ்ப் பிள்ளைக்கு லேசாக வரும், ஏனென்றால் அங்கே ஒரு மெய்யோடு உயிர் உடனே சேர்ந்துவிடுகிறது.

பிரித்தானிய உச்சரிப்பு, அமெரிக்க உச்சரிப்பு என்று இரண்டு பெட்டி வைத்துப் பேசும்போது மலையகத்தின் கதை அதில் அடங்குவதில்லை. டொக்டர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். இலங்கைத் தமிழில் டொக்டர், பொக்ஸ், ஹொக்கி. தமிழ்நாட்டில் டாக்டர், பாக்ஸ், ஹாக்கி. பிரித்தானியர் இந்தச் சொற்களில் உதட்டைக் குவித்து ஓர் ஒலியைச் சொல்கிறார்கள்; அமெரிக்கர் உதட்டைக் குவிக்காமல் ஆகாரம் போல் சொல்கிறார்கள். தமிழில் அந்தப் பிரித்தானிய ஒலிக்குச் சரியான எழுத்து இல்லை. இலங்கைத் தமிழர் பக்கத்தில் இருந்த ஒகரத்தை எடுத்தார்கள், தமிழ்நாட்டார் ஆகாரத்தை எடுத்தார்கள். அமெரிக்கா தமிழ்நாட்டுக்குக் கற்பித்தது என்று இதற்குப் பொருளில்லை. ஒரே ஒலியைக் கேட்ட இரண்டு கரைகள் இரண்டு எழுத்தைத் தேர்ந்தன, அவ்வளவுதான்.

சொல்லின் கடைசிக்கு வந்தால் கதை திரும்புகிறது. லண்டன்காரர் டொக்ட என்று நிறுத்திவிடுவார், ரகரம் கேட்காது. அமெரிக்கர் ரகரத்தை நன்றாகச் சுருட்டிச் சொல்வார். மலையகத் தமிழரும் டொக்டர் என்று ரகரத்தோடுதான் சொல்கிறார்கள். நடு உயிர் லண்டன் பக்கம், கடைசி மெய் நியூயோர்க் பக்கம்.

ரகரத்தை விடாதவர்கள் இன்னொரு கூட்டமும் உண்டு: ஸ்கொட்லாந்துக்காரர்கள். தென் இங்கிலாந்தின் பேச்சில் உயிருக்குப் பின்வரும் ரகரம் 18ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் கரைந்தது. ஸ்கொட்லாந்தில் அது கரையவில்லை, இன்றும் கணீரென்று கேட்கும். மலையகத்துக்குத் துரைமாராக வந்தவர்களில் ஸ்கொட்லாந்துக்காரர் ஏராளம். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்தின் கின்கார்டின் பகுதியைச் சேர்ந்தவர். தேயிலையைப் பொட்டலம் கட்டி உலகமெல்லாம் விற்ற தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். ஹட்டன் என்ற பெயரே அபர்டீன் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். வட்டகொடையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போனால் ஹோலிரூட், லோகி என்று ஸ்கொட்லாந்தே வரிசையாக நிற்கிறது. மலையகத் தமிழரின் முன்னோர் முதன்முதலாகக் காதால் கேட்ட ஆங்கிலம் பல மலைகளில் லண்டன் ஆங்கிலமாக இருந்திருக்காது.

இதற்குப் பக்கத்திலேயே அருமையான சாட்சி ஒன்று இருக்கிறது. பூண்டுலோயாவில் இருக்கும் டன்சினன் தோட்டம். 2018இல் இந்திய உதவியில் கட்டிய வீடுகள் அங்கே கையளிக்கப்பட்டபோது செய்திகளில் அடிபட்ட பெயர். அந்தப் பெயர் ஸ்கொட்லாந்தின் பேர்த் பகுதியில் உள்ள ஒரு குன்றின் பெயர். ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் அரசனின் கோட்டை நிற்கும் இடம். உலகமெங்கும் நாடக மேடைகளில் அதை டன்சினேன் என்கிறார்கள், அழுத்தம் முதல் அசையில். ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசிக்கும் எவருக்கும் டன்சினேன் என்றுதான் வரும். குன்றைச் சுற்றி வாழும் ஸ்கொட்லாந்து மக்களோ இரண்டாம் அசையை அழுத்தி டன்சினன் என்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ஒரே நாடகத்துக்குள் இரண்டு அழுத்தமும் வருகிறது. யாப்புக்கு ஏற்றபடி அவர் மாற்றிக்கொண்டார்.

பூண்டுலோயாவில் கொழுந்து எடுக்கும் பெண்கள் சொல்வது டன்சினன். எழுத்துக் கூட்டி வாசித்தவர்கள் வழியாக அந்தப் பெயர் மலைக்கு ஏறியிருந்தால் டன்சினேன் என்றே நிலைத்திருக்கும். துரை சொன்னதைக் கங்காணி கேட்டு, கங்காணி சொன்னதைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கேட்டு, காதுவழியாகவே அது வந்திருக்க வேண்டும். மேடை நடிகர்கள் இழந்த ஒலியை, எழுதப் படிக்க வாய்ப்பே கிடைக்காத ஒரு சமூகத்தின் வாய் காப்பாற்றி வைத்திருக்கிறது. மலையகத்தார் ஆங்கிலத்தைக் கெடுத்துப் பேசுகிறார்கள் என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடின்பரோவும் அப்படித்தான். கடைசியில் ‘பர்க்’ என்று படிக்கத் தோன்றும் எழுத்து. ஸ்கொட்லாந்தில் ‘பரா’ என்பது போல் ஒலிக்கும். நானுஓயாப் பக்கத்துத் தோட்டத்தை மக்கள் எடின்பரோ என்றே அழைக்கிறார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக்கு 1758இல் பெயர் வைத்த ஜெனரல் போர்ப்ஸ் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர்தான். அங்கே ஒலி பர்க் என்று ஆகிவிட்டது. எழுத்திலும் கடைசி எழுத்தை 1891இல் அரசாங்கம் நீக்கியது. ஊர் மக்கள் விடவில்லை, 1911இல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பெயரின் உச்சரிப்பும் எழுத்தும் மக்கள் கையில் இருக்கும் சொத்து என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இலங்கையில் உச்சரிப்பை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் பழையது. ‘நொட் பொட் இங்கிலிஷ்’ என்று கொழும்பில் ஒரு கேலி உண்டு. மேலே சொன்ன அதே ஒலிதான் அதற்குக் காரணம்: அந்த உயிரை விரித்துச் சொல்லாமல் குறுக்கி ஒகரமாகச் சொன்னால், ஆங்கிலம் வீட்டில் பேசாதவர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’ என்று பெயர் வைத்தார்கள். வாள் என்று பொருள். பேராசிரியர் திரு கந்தையா 1984இல் அந்தச் சொல்லையே தலைப்பாக்கி, இந்த நாட்டில் ஆங்கிலம் எப்படி அதிகாரத்தின் ஆயுதமாகிறது என்று கட்டுரை எழுதினார். 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு என்று அரசாங்கம் அறிவித்தபோது, நம் வழியில் ஆங்கிலம் பேசுவோம் என்ற முழக்கமும் சேர்ந்து வந்தது. நல்ல முழக்கம்தான். ஆனால் நேர்முகத் தேர்வு நடத்தும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களின் காது அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. தோட்டத்து முகவரியோடு போகும் பிள்ளைக்கு வாசலிலேயே ஒரு தடை இருக்கிறது. வாயைத் திறந்ததும் இரண்டாவது தடை. இது அநியாயம், அநியாயம் என்றே சொல்ல வேண்டும்.

அதே சமயம், கேலிக்கு அஞ்ச வேண்டாம் என்று சொல்லிவிட்டு உச்சரிப்பே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. பொருள் மாறும் இடங்கள் இருக்கின்றன. மண்டபத்தைக் குறிக்கும் ஹோலும் ஓட்டையைக் குறிக்கும் ஹோலும் இலங்கைத் தமிழரின் வாயில் ஒரே மாதிரி விழுகின்றன. நீதிமன்றமும் மேற்சட்டையும் இரண்டும் கோட். தமிழ்நாட்டார் மண்டபத்துக்கு ஹால் என்று ஆகாரம் போட்டுக்கொண்டதால் அவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. பிள்ளைகளைப் பழக்க வேண்டியது இந்த இடத்தில்தான். ஷெட்யூலா ஸ்கெஜூலா என்பதில் பொருள் மாறுவதில்லை. கேட்பவர் எந்த நாட்டவரானாலும் புரிந்துகொள்வார். ஹோலில் பொருள் மாறும்.

அதைவிடப் பெரிய விஷயம் அழுத்தம். தமிழில் ஒவ்வொரு உயிருக்கும் அதற்குரிய மாத்திரை உண்டு; குறிலானாலும் முழுதாக ஒலிக்கும். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி ஒலித்தால் பக்கத்து அசைகள் சுருங்கிவிடும். நுவரெலியா மண்ணில் விளையும் லீக்ஸும் கரட்டும் கோவாவும் சேர்ந்த பொதுப்பெயரை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பிள்ளை வெ-ஜி-ட-பிள் என்று நான்கு அசையையும் சமமாகச் சொல்லும். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ‘வெஜ்’ என்று முதலில் ஓர் அடி அடித்து மீதியை ‘ட்டபில்’ என்று விழுங்கிவிடுவார்கள். ஜகரத்துக்குப் பின் வரும் இகரம் காணாமலே போகும். கண்டி–எல்ல ரயிலில் வட்டகொடையைத் தாண்டிப் போகும் வெள்ளைக்காரர்களிடம் பிள்ளைகள் பேசும்போது அவர்கள் இரண்டாம் தடவை கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த அழுத்தம்தான், நாட்டு உச்சரிப்பு இல்லை.

இரண்டு நாடுகளும் அழுத்தத்தையே வேறுவேறு இடத்தில் வைக்கும் சொற்களும் உண்டு. அவற்றைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள ஆய்வுகூடத்தை ஒரு பிரித்தானிய விஞ்ஞானி லபொரட்ரி என்பார், அடி ‘பொ’வில் விழும். அமெரிக்க விஞ்ஞானி லாப்ரடோரி என்பார், அடி ‘லா’வில் விழும். விளம்பரத்துக்கான சொல்லில் பிரித்தானியர் ‘வே’யை ஓங்கிச் சொல்லி அட்வேட்டிஸ்மன்ட் என்பார்கள், அமெரிக்கர் ‘டைஸ்’ஸை ஓங்கிச் சொல்லி அட்வர்டைஸ்மன்ட் என்பார்கள். தமிழ்ப் பிள்ளை எந்த அசையையும் ஓங்காமல் சொன்னால் இருவருக்கும் புரியாது. இந்த இரண்டு முறையில் ஏதாவது ஒன்றின்படி ஓங்கினால் இருவருக்கும் புரியும்.

மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையை இந்த மண்ணில் நின்று ஆங்கிலத்தைப் பற்றிப் பேசும்போது விட்டுவிட முடியாது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் வென்று நாடாளுமன்றம் போனவர். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியது. தேயிலைத் தோட்டத்து வாழ்வை அவர் முதலில் ஆங்கிலக் கவிதையாகத்தான் எழுதினார். சக்தீ பால ஐயா பின்னர் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். உழைக்கப் பிறந்தவர்கள் என்ற பொருள்படும் அவருடைய ஆங்கில நூல் 1970இல் வெளியானது. மலையகத்தின் துன்பத்தை, ஆங்கிலம் மட்டுமே வாசித்த கொழும்பு மேட்டுக்குடிக்கும் வெளிநாட்டுக்கும் அவர் நேராகச் சொன்னார். பெரட்டுக்கு ஓடிய மக்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்தவரும் அவரே. இரண்டு மொழியையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த அவைக்கு வந்திருக்கும் ஆசிரியர்களிடம், குறிப்பாகப் பத்தனை ஸ்ரீபாதக் கல்வியியல் கல்லூரியில் பயின்று இந்த மலைகளுக்குத் திரும்பியிருக்கும் இளையவர்களிடம், ஒரு வேண்டுகோள். ஷெட்யூல் என்று சொல்லும் பிள்ளையையும் ஸ்கெஜூல் என்று சொல்லும் பிள்ளையையும் திருத்த வேண்டாம். இரண்டு வடிவமும் உண்டு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும். எழுத்தில் மட்டும் பிரித்தானிய முறையைக் கடைப்பிடிக்கட்டும். பரீட்சைத் தாளுக்கு அது வேண்டும். புதிய சொல் ஒவ்வொன்றுக்கும் எந்த அசையில் அடி விழுகிறது என்பதை மேசையைத் தட்டிக் காட்டலாம். செலவில்லாத முறை, ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பிலும் செய்யலாம். கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குறிகள் இருக்கும், ஒன்று பிரித்தானியக் குரல், மற்றது அமெரிக்கக் குரல். வகுப்பில் ஒரே ஒரு கைபேசி இருந்தாலும் இரண்டையும் மாறிமாறிப் போட்டுக் கேட்கவைக்கலாம். முதல் வாரத்துக்கு ஆறு சொற்கள் போதும்: ஷெட்யூல், வெஜிடபிள், லபொரட்ரி, அட்வேட்டிஸ்மன்ட், அப்புறம் மண்டபமும் ஓட்டையுமான அந்த இரண்டு ஹோல். பின்வரிசையில் யாராவது சிரித்தால், சிரித்த பிள்ளையை எழுப்பி அதே சொல்லை இரண்டு விதமாகவும் சொல்லச் சொல்லுங்கள்.